பாயிரம் முதல் அஞ்சலட்டை வரை

ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றித் தமக்குத் தோன்றியதைப் பிறர் அறியச் சொல்வது இன்று எவருக்கும் உரிய செயலாக இருக்கிறது. தமிழ்க் கல்வி உலகிலோ அது நெடுங்காலம் ஒரு சிலருக்கு மட்டுமே விதிக்கப்பட்ட கடமையாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது அந்நூலையும் அதன் ஆசிரியரையும் அறிமுகம் செய்யும் முகப்புப் பாடல், சொல்லத் தக்கவர் நால்வர் என்கிறது. ஆசிரியருடைய ஆசிரியர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்கு உரை செய்தவர் ஆகியோரே அந்நால்வர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பிறர் புகழ வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பிறர் எல்லாரும் நூலாசிரியருக்கோ நூலுக்கோ ஏதோ ஒரு வகையில் உறவுடையவர்கள். கையில் கிடைத்த சுவடியைப் படித்துவிட்டு, எழுதியவரை முன்பின் அறியாமலேயே, பிடித்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்லும் ஐந்தாமவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தமிழில் வாசகர் கருத்து என்பதன் வரலாறு, இந்த ஐந்தாமவர் தமக்கென ஓர் இடத்தைப் பெற்ற வரலாறுதான்.

பாயிரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் இலக்கணத்தால் வகுக்கப்பட்டிருந்தது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகள் அதில் அடங்க வேண்டும். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவோரும் உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் இதற்கு மிகப் பழைய சான்றாகும். வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தை எல்லையாகக் கூறி, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் நூல் அரங்கேறியதை அது பதிவு செய்கிறது. பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது மரபு. தொல்காப்பியத்தைப் படித்தபோது அவருக்கு என்ன தோன்றியது, எந்த இயல் அவரைக் கவர்ந்தது, எங்கே அவருக்கு ஐயம் எழுந்தது என்பவற்றுக்கு அந்தப் பாயிரத்தில் விடை தேடுவது பொருந்தாது; அந்த வேலைக்காக அது எழுதப்படவில்லை.

அவையினர் மறுப்புச் சொல்ல வாய்த்த இடம் அரங்கேற்றம். புலவர் தம் நூலை அறிஞர் அவையிலோ கோயில் மண்டபத்திலோ படித்துக் காட்டி, எழும் தடைகளுக்கு விடை கூறி, ஏற்புப் பெறும் சடங்கு இது. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற்பாடலின் முதற்சொல்லிலேயே அமைந்த புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று அவையினர் தடுத்ததாகவும், மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் அதற்கு விதி இருப்பதைக் காட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அவையில் எத்தகைய கேள்வி கேட்கலாம் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. புணர்ச்சியைப் பற்றிக் கேட்கலாம், சமயக் கொள்கையைப் பற்றிக் கேட்கலாம், உலக வழக்கோடு முரண்படுவதைச் சுட்டலாம். இறையனார் பாட்டில் நக்கீரர் கண்ட குற்றமும் பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்னும் பொருட்குற்றமே. நூல் சலிப்பூட்டுகிறது என்று சொல்வதற்கு அவையில் வழி இருந்ததாகத் தெரியவில்லை.

திருக்குறளைப் புகழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்பாக்களைக் கொண்ட திருவள்ளுவமாலை, சங்கப் புலவர்களும் தெய்வங்களும் ஆளுக்கொரு பாட்டுப் பாடியதாக அமைந்திருக்கிறது. பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதும் அத்தொகுப்பை, சிறிய அளவில் பெரும்பொருள் அடங்கியது கண்டு வியந்த படிப்பாளிகள் தம் வியப்பைத் தம் பெயரால் சொல்லாமல் பழம்புலவர் பெயரில் ஏற்றிச் சொன்ன முயற்சியாகக் கொள்ளலாம். உரையாசிரியர்களிடம் சற்று வேறான குரல் கேட்கிறது. முன்னோர் உரையை எடுத்துக்காட்டி அது பொருந்தாது என மறுக்கும் பரிமேலழகரிடமும், சீவக சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரை சமண நூல் அறிவு இல்லாமல் அமைந்தது என்று கேள்விப்பட்டு அந்நூல்களைக் கற்று மீண்டும் எழுதியதாகக் கூறப்படும் நச்சினார்க்கினியரிடமும், ஒரு நூலோடு நெடுங்காலம் வாழ்ந்த வாசகரின் பிடிவாதமும் பணிவும் ஒருங்கே காணப்படுகின்றன. ஆயினும் அவர்களும் நன்னூலார் சொன்ன நால்வருள் அடங்கியவர்களே.

இவற்றுக்கெல்லாம் புறம்பாக, ஏட்டில் எழுதப்படாத ஒரு பெரிய வாசிப்புலகம் இருந்தது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், மழை வேண்டி விராட பருவம் படிப்பதும், பிற்காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்களிலிருந்து நல்லதங்காள் கதையை ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதும் அவ்வுலகின் வழக்கங்கள். அங்கே கண்ணீரும் பெருமூச்சுமே மதிப்புரை. அவை எங்கும் பதிவாகவில்லை.

1835-இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை நீங்கிய பின், பாயிர மரபு குறைவதற்கு மாறாகப் பெருகியது. அச்சிட்ட நூல்களின் முன்பக்கங்களில் சாற்றுகவி என்னும் புகழுரைப் பாடல்கள் வரிசையாக இடம்பெற்றன. பாடியவரின் ஊர், பதவி, பட்டம், அவர் இன்னாரின் மாணவர் என்னும் குறிப்பு ஆகியவை பாட்டுக்கு மேலே விரிவாக அச்சாயின. சில நூல்களில் பாட்டைவிட இத்தலைப்பே நீளமானது. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரும்புலவர்களை நாடிச் சாற்றுகவி பெறுவது அக்காலத்தில் நூல் வெளியிடுவோர் செய்தே ஆக வேண்டிய வேலைகளுள் ஒன்றாயிற்று. நூலைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இப்பாடல்கள் பெரும்பாலும் பயன்படா. ஒரே உவமைகளும் ஒரே வியப்பும் நூலுக்கு நூல் மாறிமாறி வருகின்றன. ஆனால் எந்த ஊர்ப் புலவர் எந்த மடத்தோடு தொடர்புடையவர், எந்தச் சாதியினரும் சமயத்தினரும் எவருடைய நூலை ஆதரித்தனர் என்பதை அறிய இவற்றைவிடச் சிறந்த ஆவணம் கிடைப்பது அரிது.

அச்சு புகழுரையைப் பெருக்கியது போலவே கண்டனத்தையும் பெருக்கியது. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் தம் ஆசிரியர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருமுறைகளாகப் பகுத்து, திருவருட்பா என்னும் பெயரில் வெளியிட்டு, அதன் வரலாற்றைத் தாமே செய்யுளில் பாடிச் சேர்த்தார்; மாணாக்கர் பாயிரம் பாடுவது மரபுக்கு உட்பட்டதே. ஆனால் தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயர்களை ஒரு சமகாலத்தவரின் பாடல்களுக்குச் சூட்டியதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ஏற்கவில்லை. 1869-இல் வெளியான போலியருட்பா மறுப்பு, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு, அதன்பின் பல பத்தாண்டுகள் தொடர்ந்த துண்டு நூல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிரே நின்று நடத்திய விவாதம் என அருட்பா, மருட்பாப் போர் நீண்டது. ஒரு நூலைப் படித்தவர் இத்தனை பேர் இவ்வளவு காலம் எழுதித் தீர்த்தது தமிழில் அதற்கு முன் நடந்ததில்லை. இருப்பினும், பாடல்களின் சுவையைப் பற்றி அதில் பேசப்பட்டது குறைவு. அவற்றுக்கு அருட்பா என்னும் பெயர் தகுமா என்பதே வழக்கு.

அதே 1867-இல் வேறொரு வாசகரும் தோன்றினார்; அவர் அரசு அலுவலர். அவ்வாண்டின் இருபத்தைந்தாம் சட்டமான அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு உள்ளடக்கத்தைப் பற்றிய சிறு குறிப்பும் சேர்க்கப்பட்டது. விருப்பத்துக்காக அல்லாமல் சம்பளத்துக்காகத் தமிழ் நூல்களைப் புரட்டி, அவற்றின் ஆசிரியர்கள் எவரோடும் உறவில்லாமல், சில சொற்களில் கருத்துரைத்த முதல் வாசகர் இவ்வாறு காலனி ஆட்சியின் கோப்புகளிலிருந்து வந்தார் என்பது சற்று வேடிக்கையான செய்திதான்.

உறவில்லாத வாசகரின் ஒற்றைக் கேள்வி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு 1880-இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்புச் சான்று. கல்லூரித் தமிழாசிரியராக அவ்வாண்டுதான் பணியேற்றிருந்த உ.வே. சாமிநாதையர், ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கச் சென்று, தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். சாற்றுகவி உலகில் அது மதிப்பு மிக்க கல்வி. முதலியார் அதைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றைப் படிக்காமல் மற்றவற்றைப் படித்ததில் என்ன பயன் என்பது அக்கேள்வியின் உட்பொருள். பின்னர் அவர் தேடிக் கொடுத்த சிந்தாமணிப் பிரதியே ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது. முதலியார் புலவர் பரம்பரையைச் சேர்ந்தவர் அல்லர். எந்த நூலுக்கும் பாயிரம் பாடக் கடமைப்பட்டவரும் அல்லர். எந்த நூல் படிக்கத் தக்கது என்பதைத் தம் அறிவைக் கொண்டு தாமே முடிவு செய்த ஒரு நீதித்துறை அலுவலர், ஒரு புலவரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டார்.

ஒரு பழம்பாட்டைப் படித்தபோது எழுந்த சுவையுணர்வை உரைநடையில் விரித்துரைக்கும் முறைக்கு மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையைத் தொடக்கமாகக் கொள்வதில் தவறில்லை. பாட்டின் அடிகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியரின் முறையை அவர் மறுத்து, அடிகள் கிடந்த கிடையிலேயே பாட்டின் அழகு விளங்குவதைக் காட்டினார். இலக்கணக் குற்றம் தேடாமல், உவமை ஏன் இன்பம் தருகிறது, காட்சி மனத்தில் எவ்வாறு படிகிறது என்று கேட்டது அந்த உரையின் புதுமை. அவரே 1898 முதல் 1950 வரை நாட்குறிப்பும் எழுதி வந்தார் என்பது நினைக்கத் தக்கது. தாம் படித்ததைத் தமக்கே சொல்லிக்கொள்ளும் பழக்கம் அப்போது கற்றவரிடையே வேரூன்றத் தொடங்கியிருந்தது.

எளிய வாசகரைப் பேச வைத்தது அஞ்சல்துறை. 1879-இல் காலணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை, உறையும் தனித்தாளும் தேவையில்லாமல், நாலைந்து வரியில் ஒருவர் தம் மனத்தில் பட்டதை எழுத வழிசெய்தது. விவேக சிந்தாமணி இதழில் 1890-களில் கமலாம்பாள் சரித்திரம் தொடராக வந்த பிறகு, கதையின் நடுவிலேயே அதைப் பற்றிப் பேசும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைத்தது. நூலாக வெளியானதைப் படித்துவிட்டுச் சொல்லும் கருத்து ஆசிரியரின் அடுத்த நூலுக்குத்தான் பயன்படும். தொடர்கதையைப் படிப்பவரின் கருத்தோ அடுத்த இதழிலேயே கதைக்குள் புகுந்துவிடக் கூடியது. கல்கி தம் வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதி முடித்தபோது, கதை திடீரென நின்றுவிட்டதாகவும் இன்னின்னார் பின்னர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை எனவும் வாசகர்கள் கேட்டனர். அக்கேள்விகளை எடுத்துக்கொண்டு, வரலாற்றுக் கதைக்கும் சமூகக் கதைக்கும் முடிவு அமையும் விதத்தில் உள்ள வேறுபாட்டை விளக்கி, கதைமாந்தரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் கூறும் முடிவுரை ஒன்றை அவர் எழுதினார். இன்று அந்த முடிவுரை நாவலோடு சேர்ந்தே அச்சாகிறது. அரங்கேற்றத்தில் புலவர் அவைக்கு விடை சொன்னார் என்றால், இங்கே ஆசிரியர் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு விடை சொன்னார். தடை எழுப்பியவர்கள் விதி கேட்கவில்லை, வந்தியத்தேவனைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

இதைவிட ஆழமாக வாசகர் கருத்து ஒரு படைப்புக்குள் இறங்கியது ஜெயகாந்தனிடத்தில். 1966-இல் ஆனந்த விகடனில் வெளியான அக்கினிப் பிரவேசம் என்னும் சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று ஏற்றுக்கொள்கிறாள். பாராட்டும் எதிர்ப்புமாகக் கிளம்பிய விவாதத்துக்கு ஜெயகாந்தன் சொன்ன விடை ஒரு நாவல். சில நேரங்களில் சில மனிதர்கள் என்னும் அந்நாவலில், அந்தத் தாய் அவ்வாறு ஏற்றுக்கொள்ளாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கதை. வீட்டை விட்டு விலக்கப்பட்ட கங்கா, படித்து வேலையில் அமர்ந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய அக்கினிப் பிரவேசத்தைப் படிக்கிறாள்; தன் கதையையே வேறு முடிவோடு படிக்கும் அவளுடைய மனநிலையிலிருந்துதான் பின்னைய நிகழ்ச்சிகள் விரிகின்றன. ஒரு கதையைப் படித்து முடித்தவர் மனத்தில் எழும் கலக்கத்தை நாவலின் இயக்குவிசையாகவே அமைத்த இந்த உத்திக்குத் தமிழில் இணையாகச் சொல்ல வேறொன்றைக் காண்பது கடினம். 1972-இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது இந்நாவல்.

இதழ்களில் மதிப்புரை, அதாவது புதிய நூலைப் படித்து அதன் தரத்தைச் சொல்லும் சிறு கட்டுரை, தனி இலக்கிய வகையாக உருப்பெற்றதில் மணிக்கொடி இதழைச் சார்ந்த குழுவினருக்குப் பெரும் பங்கு உண்டு. தினமணியில் பணியாற்றிய புதுமைப்பித்தன் எழுதிய மதிப்புரைகளில் தயவு தாட்சணியம் இருக்காது; சாற்றுகவி மரபில் வளர்ந்த எழுத்தாளர் பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து என்னும் இதழ், இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தானே எல்லை வகுத்துக்கொண்டு, விமர்சனத்தையே முதல் நோக்கமாக அறிவித்து, 1970 வரை நடந்தது. க.நா. சுப்ரமண்யம் படித்திருக்கிறீர்களா என்னும் தலைப்பிலான கட்டுரைகளில் நாவல்களையும் பிற நூல்களையும் தம் ரசனை ஒன்றையே அளவுகோலாக்கி வாசகருக்கு எடுத்துச் சொன்னார். நல்ல நூல் என்று தமக்குப் பட்டவற்றை அவர் பட்டியலிட்டதும், காரணம் விரித்துரைக்காமல் ஒதுக்கியதும் பெரும் சண்டைகளை விளைத்தன. அவர் பட்டியல்களில் விடுபட்டவை குறித்து வருந்த நியாயம் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது என்பதே போதுமான காரணம் எனத் துணிந்து சொன்னதன் வழியாக, நன்னூலார் ஒதுக்கிய ஐந்தாமவருக்கு ஒரு நாற்காலியை அவர்தான் போட்டார்.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கம்பன் பாடலைச் சொல்லி அனுபவித்ததும் ரசனையின் வழியே ஆகும். ஆனால் தம் உள்ளத்துக்கு உவக்காத பாடல்கள் கம்பன் பாடியவையாக இருக்க முடியாது என்று நீக்கும் அளவுக்கு அவர் சென்றபோது, வாசகரின் விருப்பம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்றே கூற வேண்டும். அதே கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்னும் நிலையில் நின்று சி.என். அண்ணாதுரை 1943-இல் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டதும் ஒரு நூலைப் படித்தவரின் எதிர்வினைதான். இலங்கையில், 1968-இல் தமிழ் நாவல் இலக்கியம் என்னும் நூலை வெளியிட்ட க. கைலாசபதி, நூலைச் சமூக வரலாற்றின் விளைவாகப் படிக்கும் அளவுகோலை முன்வைத்து ரசனை முறையோடு மோதினார். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்தபடியே டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிய மல்லிகை இதழ், கல்விக்கூடத்துக்கு வெளியே இருந்த வாசகரும் எழுத்தாளரும் கூடிப் பேசும் இடமாயிற்று.

புகழ்பெற்றவர்களின் கருத்துகள் இவ்வாறு நூல்களில் நிலைத்துவிட்டன. சி.சு. செல்லப்பாவுக்கோ கல்கிக்கோ ஜெயகாந்தனுக்கோ அஞ்சலட்டை எழுதிய ஆசிரியைகள், எழுத்தர்கள், மளிகைக் கடைக்காரர்கள், சமையல் முடித்த பின் தொடர்கதை படித்த பெண்கள் ஆகியோரின் சொற்களில் இதழ்கள் அச்சிட்ட சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுதிகளின் ஓரங்களிலும், படித்த நூல்களின் பெயரெழுதிய பழைய கணக்கு நோட்டுகளிலும் இன்னொரு பகுதி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய இதழ்களையும் நூல்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் போன்றவை இருப்பதால்தான் முன்னைய தலைமுறையின் வாசிப்பைப் பற்றி இன்று ஏதேனும் எழுத முடிகிறது. தாத்தா பாட்டிகளின் பைண்டு தொகுதிகளும் கடிதக் கட்டுகளும் வீட்டில் இருப்போர், அவற்றைப் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன், ஓரங்களில் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்து, இருந்தால் அருகிலுள்ள ஆய்வு நூலகம் ஒன்றுக்குத் தெரிவிக்க வேண்டும்.